பக்கவாதத்துக்குப் பிறகு மாத்திரையும் பயிற்சியும்: சேர்த்துக் கொடுத்தால் கை கால் சீக்கிரம் திரும்புமா?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் யாருடைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் பாருங்கள். காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று முக்கால் பக்கத்துக்கு மாத்திரைகள் இருக்கும். கடைசியில் ஒரே ஒரு வரி: பிசியோதெரபியைத் தொடரவும். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த அசைவை, யார் செய்ய வைப்பது, எதுவும் இருக்காது. வீட்டில் இருப்பவர்களும் அதே கணக்கில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வேளை மாத்திரை தவறினால் பதறிப்போய் டாக்டருக்கு போன் போடுகிறவர்கள், பிசியோ ஒரு வாரம் வராவிட்டால் "சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சீட்டில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை விழுந்த கையைத் தூக்குவதற்காகக் கொடுக்கப்படுபவை அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் அடுத்த அடைப்பு வராமல் தடுக்க. அவற்றை நிறுத்தவே கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டும் கை அப்படியே இருக்கிறதே என்று கேட்டால், அந்த மாத்திரைகளின் வேலை அதுவே இல்லை என்பதுதான் பதில். அப்படியானால் கையைத் தூக்க வைக்கும் மருந்து என்று ஒன்று உண்டா? மருந்து மட்டும் போதாதென்றால், பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பயிற்சியின் பலனைக் கூட்டும் மருந்தாவது உண்டா? இந்தக் கேள்விக்குப் பின்னால் நாற்பது வருட ஆராய்ச்சி இருக்கிறது, அதன் கதை கொஞ்சம் ஏமாற்றமானது, ஆனால் நமக்கு உபயோகமானது.

கதை எலிகளில் தொடங்குகிறது. 1982இல் டென்னிஸ் ஃபீனியும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவிலிருந்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மூளையின் அசைவுப் பகுதி ஒரு பக்கம் சேதப்படுத்தப்பட்ட எலிகளை ஒடுக்கமான ஒரு கட்டையின் மேல் நடக்க விட்டார்கள். அடிபட்டு ஒரு நாள் கழித்து மூளையைத் தூண்டும் ஆம்ஃபெட்டமின் என்ற மருந்தை ஒரே ஒரு டோஸ் ஊசியாகப் போட்டு, மருந்து வேலை செய்யும் நேரத்திலேயே கட்டையில் நடக்க வைத்தால் அந்த எலிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேறின. மருந்தின் வீரியம் இறங்கிய பிறகும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. அதே ஊசியைப் போட்டுவிட்டு நடக்க விடாமல் அடைத்து வைத்த எலிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றும் பார்த்தார்கள். ஹாலோபெரிடால் என்ற மனநல மருந்தைக் கொடுத்தால் தேறுவது தாமதமானது. ஆக மருந்து உடம்பில் இருக்கும் நேரத்தில் அந்த உடம்பு என்ன செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன், சில மருந்துகள் குறுக்கேயும் நிற்கும். இந்த இரண்டு விஷயத்தையும் நினைவில் வையுங்கள், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஏன் அப்படி? ரத்தம் போகாமல் செத்துப்போன மூளைப் பகுதி திரும்பி வராது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பகுதிகள் அடுத்த சில வாரங்களுக்கு வழக்கத்தைவிட இளக்கமாக, புது இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்ளத் தயாராக இருக்கின்றன. எந்த இணைப்பு நிலைக்கும் என்பதை அந்த நேரத்தில் செய்யப்படும் அசைவுகள் தீர்மானிக்கின்றன. எலிகளில் இந்த வாய்ப்பு மிகக் குறுகியது. சுண்டெலிகளில் 2015இல் வெளியான ஒரு ஆய்வில், பக்கவாதம் உண்டாக்கிய மறுநாளே பயிற்சி தொடங்கியவை நன்றாகத் தேறின, ஒரு வாரம் தள்ளிப்போட்டவை அவ்வளவாகத் தேறவில்லை. ஆனால் ஃப்ளூவாக்ஸிடின் கொடுத்து வைத்திருந்தால், ஒரு வாரம் தாமதமாகப் பயிற்சி தொடங்கியும் தேறின. ஃப்ளூவாக்ஸிடின் என்பது மனச்சோர்வுக்குப் பல வருடமாகக் கொடுக்கப்படும், விலை மலிவான, சாதாரண மாத்திரைதான். வாய்ப்புக் காலம் மூடிக்கொள்ளாமல் அது கொஞ்ச நாள் பிடித்து வைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மனிதர்கள். ஆம்ஃபெட்டமினை 1980களின் கடைசியில் வெறும் எட்டு நோயாளிகளிடம் பிசியோவோடு சேர்த்துப் பார்த்தார்கள், நம்பிக்கை தந்தது. பிறகு கனடாவில் 71 பேரிடம் ஒழுங்காகச் சோதித்தபோது (2006இல் வெளியானது) வெறும் பயிற்சியைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்து லெவோடோப்பா, அதாவது பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்து. 2001இல் ஜெர்மனியில் 53 பேருக்கு, பிசியோவுக்கு முன் 100 மி.கி. கொடுத்து மூன்று வாரம் பார்த்தார்கள், அசைவு கூடியது. அட, கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு உற்சாகம். பிரிட்டனில் 593 பேரை வைத்து அதே யோசனையைச் சோதித்தார்கள், பிசியோ தொடங்குவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை, ஆறு வாரம். 2019இல் முடிவு வந்தது: நடையில் வித்தியாசமில்லை. சுவிட்சர்லாந்தில் 600க்கும் அதிகமானவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2025இல் வந்தது, அதிலும் அசைவு கூடுதலாகத் தேறவில்லை.

ஃப்ளூவாக்ஸிடின் கதை இதைவிட நாடகத்தனமானது. 2011இல் பிரான்சில் ஃப்ளேம் என்ற சோதனை. கை கால் நன்றாகவே விழுந்திருந்த 118 பேர், எல்லோருக்கும் பிசியோ, பாதிப் பேருக்கு தினம் 20 மி.கி. ஃப்ளூவாக்ஸிடின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மூன்று மாதத்தில் 100 மதிப்பெண் கொண்ட அசைவு அளவுகோலில் மருந்துக் குழு சராசரியாக 34 ஏறியது, மற்ற குழு 24.3தான். உலகம் முழுவதும் நரம்பு டாக்டர்கள் எழுதித் தர ஆரம்பித்தார்கள், நம் ஊரிலும்தான். பிறகு பெரிய சோதனைகள் வந்தன. பிரிட்டனில் 3,127 பேர், ஸ்வீடனில் 1,500 பேர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாமில் சேர்த்து 1,280 பேர். 2018லிருந்து 2020க்குள் மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின: ஆறு மாதம் கழித்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனில் எந்த வித்தியாசமும் இல்லை. மனச்சோர்வு மட்டும் குறைந்தது (ஆஸ்திரேலியச் சோதனையில் அதுகூட இல்லை), ஆனால் எலும்பு முறிவு கூடியது. பிரிட்டன் சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது, எடுக்காதவர்களில் 1.5 சதவீதம்.

இந்த இடத்தில்தான் நிபுணர்களுக்குள் சண்டை. ஒரு சாரார், யோசனையே தப்பு, மூடிவிடலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார், அந்தப் பெரிய சோதனைகளில் மாத்திரையை மிகக் கவனமாகக் கண்காணித்தார்கள், பயிற்சியை அந்தந்த ஊர் வழக்கப்படி விட்டுவிட்டார்கள், விதைக்காத வயலுக்கு யூரியா போட்டுவிட்டு விளைச்சல் இல்லை என்றால் எப்படி என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாதத்தில் பாதி நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. பாதி என்று சொல்வதற்குக் காரணம், பிரிட்டனின் லெவோடோப்பா சோதனையில் மாத்திரையையும் பயிற்சியையும் நேரம் பார்த்துச் சேர்த்தே கொடுத்தார்கள், அப்போதும் பலனில்லை.

ஆனால் பயிற்சி என்று சொல்லி நாம் கொடுப்பது எவ்வளவு? அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பயிற்சி நேரங்களைப் பக்கத்தில் இருந்து எண்ணிப் பார்த்த ஒரு ஆய்வு 2009இல் வந்தது. கையை வைத்து ஒரு வேலையைச் செய்யும் அசைவுகள் (டம்ளரை எடுப்பது, வைப்பது மாதிரி) பாதி நேரங்களில்தான் நடந்தன, அப்படி நடந்தபோதும் சராசரியாக 32 முறைதான். விலங்குச் சோதனைகளில் மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை செய்ய வைக்கிறார்கள். வசதியான நாட்டின் நல்ல மறுவாழ்வு மையத்திலேயே 32 என்றால், வீட்டுக்கு வந்து இருபது நிமிடம் கையை மடக்கி நீட்டிவிட்டுப் போகும் நம் பிசியோ முறையில் நோயாளி தானாகச் செய்யும் அசைவு எத்தனை இருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள். அடுத்தவர் மடக்கிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும், அது தேவைதான். மூளை கற்றுக்கொள்வதற்கு நோயாளியே முயற்சி எடுத்து அசைக்க வேண்டும், கொஞ்சமாவது கஷ்டப்பட வேண்டும்.

ஆராய்ச்சி இன்னும் நிற்கவில்லை. இப்போது பேசப்படுவது மாராவிராக், எச்.ஐ.வி.க்காக 2007இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. செல்லுக்குள் வைரஸ் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 என்ற வாசலை அது அடைக்கிறது. அதே சிசிஆர்5, பக்கவாதத்துக்குப் பிறகு நரம்பணுக்களில் அதிகமாகி, புது இணைப்புகள் உருவாவதற்குத் தடை போடுகிறது என்று கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். சுண்டெலிகளில் அதைத் தடுத்தால் அசைவு நன்றாகத் திரும்பியது. அத்தோடு, இஸ்ரேலில் பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், பிறவியிலேயே சிசிஆர்5 குறைபாடு கொண்ட மரபணு உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். அந்த மரபணு மாற்றம் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாக உண்டு, இந்தியர்களிடம் மிக அபூர்வம். இதை வைத்துத்தான் கனடாவில் மாராவிராக்கையும் உடற்பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கும் கேமரோஸ் என்ற சோதனையை அமைத்தார்கள். அதன் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, இரண்டு குழுவுக்கும் பயிற்சி உண்டு, மாத்திரையில் மட்டும்தான் வித்தியாசம். 2025இல் அதே யூசிஎல்ஏ குழு டிடிஎல்-920 என்ற இன்னொரு மருந்து, சுண்டெலிகளில் பயிற்சி தரும் பலனையே தருகிறது என்று எழுதியது. "பக்கவாதத்துக்கு மாத்திரை வந்துவிட்டது" என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளைப் பார்த்திருந்தால், அது எலியோடு நிற்கும் சேதி என்று தெரிந்துகொள்ளுங்கள். எலியைத் தாண்டி மனிதரிடம் வந்து தோற்றுப்போன மருந்துகளின் பட்டியலைத்தான் மேலே பார்த்தோம்.

நம் ஊர்ச் சீட்டுகளில் தவறாமல் இருக்கும் இரண்டு பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒன்று சிட்டிகோலின். ஸ்பெயின், போர்ச்சுகல், ஜெர்மனியில் 2,298 பேரிடம் சோதித்து 2012இல் வெளியான முடிவு, வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் இல்லை என்பது. இன்னொன்று செரிப்ரோலைசின், பன்றி மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டு டிரிப்ஸில் ஏற்றுவது. பயிற்சியோடு சேர்த்து 21 நாள் கொடுத்த 208 பேர் கொண்ட ஒரு சோதனையில் (2016) கையசைவு கூடியது உண்மை. ஆனால் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, உயிரிழப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை, உயிருக்கு ஆபத்தில்லாத ஆனால் கடுமையான சில பக்கவிளைவுகள் கூடவும் வாய்ப்புண்டு என்கிறது. எழுதித் தந்த டாக்டரோடு சண்டை போடச் சொல்லவில்லை. கையில் இருக்கும் பணம் அளவோடு இருக்கும்போது, டிரிப்ஸுக்குக் கொடுத்துவிட்டு பிசியோவை நிறுத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. புறா ரத்தம் தடவுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆதாரம் குறைவான ஊசிக்குக் கடன் வாங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, அப்போ மருந்தும் பயிற்சியும் சேர்ந்து வேலை செய்யும் இடமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மூளையைக் கூர்மையாக்கும் மருந்து கிடைக்கவில்லையே தவிர, பயிற்சி செய்ய முடியாமல் தடுக்கும் விஷயங்களை விலக்கும் மருந்துகள் கைவசம் உண்டு.

மனச்சோர்வை முதலில் சொல்வேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. நம் வீடுகளில் அதற்கு "அப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார்" என்று பெயர். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரிடம் நூறு முறை கையைத் தூக்கச் சொல்லி என்ன பயன்? ஃப்ளூவாக்ஸிடின் வகை மாத்திரை கையை நேரடியாகத் தேற்றாது என்று நிரூபணமாகிவிட்டது, ஆனால் சோர்வு இருப்பவரை எழுந்து உட்கார வைத்தால் அதுவே பயிற்சிக்கு வழி. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதற்கும், சோர்வு இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கொடுத்தால் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இடையில் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும்.

அடுத்து இறுக்கம். விரல்கள் உள்ளே மடங்கி, முழங்கை விறைத்து நிற்கும் கைக்கு போட்டுலினம் டாக்சின் ஊசி போட்டால் அந்தத் தசை சுமார் மூன்று மாதத்துக்கு இளகியிருக்கும். பிரிட்டனில் 333 பேரிடம் நடந்த சோதனையில், ஊசியோடு பயிற்சியும் சேர்த்தும் கையின் செயல்திறன் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் உள்ளங்கையைக் கழுவுவது, சட்டைக் கையை நுழைப்பது மாதிரி வேலைகள் சுலபமாயின. பார்த்துக்கொள்பவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் தெரியும். ஊசி போட்டு இளகியிருக்கும் வாரங்களில் நீட்டல் பயிற்சி, பட்டை கட்டுவது எல்லாவற்றையும் கூட்டாமல் சும்மா இருந்தால் ஊசிக்குக் கொடுத்த பணம் தண்டம். பேக்லோஃபென் மாத்திரை விஷயம் வேறு, அது உடம்பு முழுக்க இளக்கும், தூக்கமும் வரும். சிலருக்குக் காலில் இருக்கும் விறைப்புதான் நிற்பதற்கே முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும், டோஸ் கூட்டியதும் கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார்கள். மாத்திரை மாற்றிய வாரத்தில் நடை மோசமானால் "நோய் கூடிடுச்சு" என்று முடிவுகட்டும் முன் டாக்டரிடம் மாத்திரையைக் காட்டுங்கள்.

வலி இன்னொரு தடை. விழுந்த கையின் தோள்பட்டை வலிக்கும், வலித்தால் கையை யாரையும் தொட விட மாட்டார்கள். பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்பு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபன் வாங்கிப் போடாதீர்கள், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுப்பவருக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடும், பிரஷர் ஏறும், இப்யூபுரோஃபன் ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும்.

எலிக் கதையில் வந்த ஹாலோபெரிடால் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரியில் குழம்பிப்போய்க் கத்தும் வயதானவருக்கு வார்டில் கொடுக்கப்படும் மருந்துதான் அது. அல்பிரஸோலம், குளோனஸிபாம் மாதிரித் தூக்க மாத்திரைகளும் தேறுவதைத் தாமதப்படுத்தலாம் என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாளாக உண்டு. அந்தச் சந்தேகத்தை விட்டுத்தள்ளினாலும், காலை பத்து மணிக்கும் தூங்கி வழிபவர் பிசியோவில் என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரிக்காக ஆரம்பித்த தூக்க மாத்திரை வீட்டில் மாதக்கணக்கில் தொடர்வது சர்வசாதாரணம். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் நீங்களாக நிறுத்தாமல், இது இன்னும் தேவையா, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பயிற்சி நேரத்தில் முட்டிக்கொள்ளும். காலையில் மூன்று பிரஷர் மாத்திரையை ஒன்றாகப் போட்டு ஒரு மணி நேரத்தில் எழுப்பி நிற்க வைத்தால் தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம், உட்கார வைத்து, காலை ஆட்ட வைத்து, அப்புறம் நிற்க வையுங்கள். அடெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரிப் பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு இதயத் துடிப்பு எவ்வளவு பாடுபட்டாலும் பெரிதாக ஏறாது, கையில் கட்டிய வாட்ச் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் வேகமா" என்று விரட்டக்கூடாது. மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும். இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுப்பவரை வெறும் வயிற்றில் பயிற்சிக்கு உட்கார வைக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது என்பதில் அவசரமும் ஆபத்து. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015இல் முடிவு வந்த அவெர்ட் சோதனையில், முதல் 24 மணி நேரத்திலேயே எழுப்பி அதிகமாக நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், வழக்கப்படி விட்டவர்களில் 50 சதவீதம். முதல் நாட்களில் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக என்பதே சரி. அமெரிக்காவில் 72 பேரிடம் பார்த்த இன்னொரு சோதனையில் (2021), கூடுதலாக 20 மணி நேரக் கைப்பயிற்சி கொடுத்ததில் அதிகப் பலன் தெரிந்தது பக்கவாதம் வந்து இரண்டு, மூன்று மாதத்தில் கொடுத்தவர்களுக்கு. ஆறு மாதம் தாண்டிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கூடுதல் பலன் தெரியவில்லை. நம் ஊரில் இந்த இரண்டாவது, மூன்றாவது மாதத்தில்தான் உறவினர்கள் வருவது நின்று, கையிருப்பு தீர்ந்து, பிசியோவும் நிற்கிறது.

இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரை வைத்து, குடும்பத்தாருக்கே பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்ய வைத்த அட்டெண்ட் சோதனை 2017இல் வந்தது, ஆறு மாதத்தில் அதனாலும் வித்தியாசமில்லை. அதைப் படித்துவிட்டு வீட்டுப் பயிற்சி வீண் என்று சொன்னவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கும் சில நாளில் கற்றுக்கொடுத்துவிட்டு முழுப் பாரத்தையும் மகள் மேலும் மருமகள் மேலும் போட்டால் போதாது என்றுதான் நான் படிக்கிறேன். அந்த வகையில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் யோசனை சரியானது: பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும், அதே திட்டத்தில் பிசியோவும் வீட்டுக்கு வருவார். மாத்திரை வருவது தெரிந்த பலருக்கு பிசியோ வருவது தெரியாது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். ஒருவரே பல கிராமங்களைச் சுற்றுவதால் தினமும் வர மாட்டார், ஆகவே வரும் நாளில் அவரே எல்லாவற்றையும் செய்துவிட்டுப் போக விடாமல், அடுத்த முறை வரும்வரை நோயாளி தானாகச் செய்ய வேண்டிய இரண்டே இரண்டு அசைவுகளையும் எண்ணிக்கையையும் கேட்டு, மாத்திரை டப்பா இருக்கும் இடத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.